குரூப் 4 எழுதப் போகிறவர்களுக்கு: படித்தது தேர்வுநாள் வரை தங்க என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வை இரண்டாவது முறை எழுதப் போனபோது, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடப்புத்தகங்களை மூன்று தடவை முழுதாகப் படித்திருந்தேன். ஒரு கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பக்கமே கண்முன் வந்து நின்றது. இடது பக்கம், கட்டம் கட்டிய பகுதி, மேலே நான் போட்ட மஞ்சள் கோடு. விடை மட்டும் வரவில்லை. அன்றைக்கு இப்படி இருபது கேள்விக்கு மேல் போயிற்று. படிக்காமல் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். படித்தும் வரவில்லையே என்பதுதான் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அழுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது முறை தேறினேன். அந்த வருடம் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் படிக்கக் கிடைத்தது நாளுக்கு இரண்டரை மணி நேரம்தான், முந்தைய வருடத்தில் பாதிகூட இல்லை. மாறியது படிக்கும் முறை. அதை யாராவது முதல் வருடமே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மணி நேரம், 200 கேள்விகள், ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 300. இதில் தமிழ் 100 கேள்விகள், பொது அறிவு 75, திறனறிவும் கணக்கும் 25. தமிழில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆக, இது பெரும்பாலும் நினைவைச் சோதிக்கும் தேர்வு. நினைவில் வைப்பதற்கும் செய்முறை உண்டு.

1. படிப்பதற்கு முன்னால் ஒரு பழைய வினாத்தாளை எழுதுங்கள்

முதல் நாளே. ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தாளை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள்.

பிறகு தவறானவற்றை மூன்றாகப் பிரியுங்கள். கேள்விப்பட்டதே இல்லை என்றால் "பு" (புதிது). பள்ளியில் படித்தது, மறந்துவிட்டது என்றால் "ம". இரண்டு விடைக்கு நடுவில் தடுமாறி தவறானதைத் தொட்டிருந்தால் "கு" (குழப்பம்). இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நான் முதல் இரண்டு வருடமும் எல்லாவற்றையும் "பு" என்று நினைத்துக்கொண்டு புதுப்புது புத்தகமாக வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பிரித்துப் பார்த்தபோது என் தவறுகளில் பாதிக்கு மேல் "ம", "கு" இரண்டும்தான்.

2. ஒரே மூலம் போதும்

சமச்சீர் பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கும் குறைவாகத் தேடலாம், ஆனால் பாடத்திட்டம் மாறாத பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள். தேர்வாணையம் வெளியிட்டுள்ள சிலபஸை பிரிண்ட் எடுத்து சுவரில் ஒட்டுங்கள். முடித்த தலைப்புக்கு எதிரே தேதி போடுங்கள்.

இரண்டாவது முறைக்காக ஒரு பயிற்சி மையத்தில் 12,000 ரூபாய் கட்டினேன். கட்டுக்கட்டாக நோட்ஸ் கொடுத்தார்கள். வகுப்பு முடியும்போது மேசையில் பதினோரு புத்தகங்கள் இருந்தன. ஒரே செய்தி நான்கு புத்தகத்தில் நான்கு விதமான சொற்களில் இருந்தால் நினைவு எதையும் பிடித்துக்கொள்ளாது. வகுப்புக்குப் போவது தவறில்லை, வசதி இருந்தால் போங்கள். ஆனால் நோட்ஸ் கைக்கு வந்ததும் படித்து முடித்த மாதிரி ஒரு நிம்மதி வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

3. புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நான்கைந்து பக்கம் கவனமாகப் படியுங்கள். கோடு போடாதீர்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில், படித்ததில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். வரிசை வேண்டாம், அழகான கையெழுத்து வேண்டாம். பத்து நிமிடம் திணறுங்கள். "இன்னும் ஏதோ ஒன்று இருந்ததே" என்று தோன்றும்போது உடனே புத்தகத்தைத் திறக்காமல் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள். நாளைக்குப் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகள் மட்டும்தான்.

முதல் வாரம் மிகவும் சோர்வாக இருக்கும். ஐந்து பக்கம் படித்துவிட்டு ஆறு வரி எழுதினால் "எனக்கு ஞாபகசக்தியே இல்லை" என்று தோன்றும். நானும் மூன்றாம் நாளே விட்டுவிட்டு மறுபடி மஞ்சள் பேனாவை எடுத்தேன். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றி நூலகத்தில் படித்த பிறகுதான் திரும்பி வந்தேன். மாணவர்களில் ஒரு குழு ஒரே பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு ஏறக்குறைய 40 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் இருந்தது. நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் யார் தெரியுமா? நான்கு முறை வாசித்தவர்கள்.

அந்த நம்பிக்கைதான் என்னை இரண்டு வருடம் ஏமாற்றியது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழக்கமாகிவிடுகின்றன. பழக்கமானதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். தேர்வு அறையில் புத்தகம் இருக்காது. உள்ளேயிருந்து எடுத்துத் தர வேண்டும், அந்த எடுக்கும் வேலையைத்தான் தினமும் பழக வேண்டும். 2013இல் டன்லோஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அதிகப் பயன் உள்ளவை என்று சொன்னது இரண்டைத்தான்: தன்னையே சோதித்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும். கோடு போடுவதும் மறுவாசிப்பும் குறைந்த பயன் பட்டியலில் இருந்தன.

எழுத நேரமில்லாத நாளில் வாயால் சொல்லுங்கள். என் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து பானிபட் போரைப் பற்றிச் சொல்வேன். "எதுக்குடா அந்த சண்டை வந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்த இடத்தில் நான் நின்றுவிட்டால், அதுதான் எனக்குத் தெரியாத இடம்.

4. அட்டை எழுதும் விதம்

ஒரு சார்ட் தாளை 7 × 11 செ.மீ. அளவில் வெட்டினால் 50 அட்டை வரும். நான் வாங்கியபோது தாள் 10 ரூபாய். 2,000 அட்டைக்கு 40 தாள், 400 ரூபாய். பழைய செருப்புப் பெட்டி ஒன்று. அவ்வளவுதான் செலவு. கைபேசியில் செய்ய நினைத்தால் ஆன்கி என்ற செயலி உண்டு. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. தமிழில் தட்டச்சு செய்யலாம். கைபேசியை எடுத்தால் ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவேன் என்று தெரிந்ததால் நான் அட்டைக்கே போனேன்.

முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஒரு அட்டைக்கு ஒரே செய்தி. புதியவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். "குடியரசுத் தலைவர் பற்றிய சட்டப்பிரிவுகள்" என்று முன்னால் எழுதி, பின்னால் பன்னிரண்டு வரி எழுதினால் அது அட்டையாக இருக்காது, சின்ன நோட்ஸ்தான். பாதி சரியாகச் சொல்லிவிட்டு "சரி, தெரியும்" என்று தள்ளிவிடுவீர்கள். இப்படி எழுதுங்கள்: "குடியரசுத் தலைவரின் மன்னிக்கும் அதிகாரம் எந்தப் பிரிவு?" பின்னால்: 72. இன்னொரு அட்டையில் திருப்பி எழுதுங்கள்: "பிரிவு 161 யாருக்கு என்ன அதிகாரம் தருகிறது?" பின்னால்: ஆளுநருக்கு, மன்னிக்கும் அதிகாரம். தேர்வில் இரண்டு பக்கமிருந்தும் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம், அடுத்தவர் எழுதிய அட்டையை வாங்காதீர்கள். எதைக் கேள்வியாக்குவது என்று யோசிப்பதிலேயே பாதிப் படிப்பு நடந்துவிடுகிறது.

மூன்றாம் படியில் சிவப்பில் எழுதியவை, முதல் படியில் "ம", "கு" என்று குறித்தவை, இவற்றுக்கு மட்டும் அட்டை போடுங்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததற்கு வேண்டாம்.

5. எந்த நாளில் திருப்பிப் பார்ப்பது

செருப்புப் பெட்டியில் அட்டைத் தடுப்பு வைத்து ஐந்து அறையாகப் பிரியுங்கள். லைட்னர் பெட்டி என்று இதைச் சொல்வார்கள். புது அட்டை முதல் அறைக்குப் போகும்.

முதல் அறையை மறுநாள் பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் அறைக்குப் போகும், அது 3 நாள் கழித்து. அதிலும் சரி என்றால் மூன்றாம் அறை, 7 நாள். அடுத்தது 21 நாள். கடைசி அறை 45 நாள். எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்ப வேண்டும். மனம் கேட்காது, "கிட்டத்தட்ட சரிதானே" என்று சொல்லும். திருப்பிப் போடுங்கள். அட்டையின் மூலையில் அடுத்துப் பார்க்க வேண்டிய தேதியைப் பென்சிலில் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

இடைவெளி ஏன் கூடிக்கொண்டே போக வேண்டும்? மறக்கத் தொடங்கும் நேரத்தில் முயன்று எடுத்தால்தான் அது வலுவாகிறது. காலையில் படித்ததை அன்று மாலையே நான்கு முறை பார்ப்பது சுலபமாக இருக்கும், ஆனால் அதனால் கிடைக்கும் லாபம் குறைவு.

இப்போது ஒரு கணக்கு. 1, 3, 7, 21, 45 ஆகியவற்றைக் கூட்டினால் 77 நாள். 2025இல் குரூப் 4 அறிவிப்பு வந்தது ஏப்ரல் 25, தேர்வு நடந்தது ஜூலை 12. இடையில் 78 நாள். அறிவிப்பு வந்த அன்றே எழுதிய அட்டைதான் ஐந்து சுற்றையும் முடித்திருக்கும், அதுவும் ஒரு முறைகூடத் தவறாமல் இருந்தால். மே மாதம் எழுதியது முடித்திருக்காது. அதனால் "நோட்டிபிகேஷன் வரட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். தாமதமாகத்தான் தொடங்க முடிந்தது என்றால் கடைசி இரண்டு அறையையும் 14, 25 நாளாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

நாளுக்கு 20 புது அட்டைக்கு மேல் எழுத வேண்டாம். ஒவ்வொரு அட்டையும் ஐந்து முறை வரும் என்பதால், இரண்டு மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு நூறு அட்டை பார்க்க வேண்டியிருக்கும். அட்டைக்குப் பத்து விநாடி என்றால் 17 நிமிடம், தவறியவற்றையும் சேர்த்தால் அரை மணி. தாங்கும். முதல் வார ஆர்வத்தில் நாளுக்கு 60 எழுதியவர்கள் ஒன்றரை மாதத்தில் பெட்டியைப் பரணில் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு நாள் பாக்கியையும் பாருங்கள், புது அட்டை எழுதாதீர்கள். பழைய பாக்கிதான் முதலில்.

6. குழம்புகிற ஜோடிகளுக்குத் தனி நோட்டு

"கு" என்று குறித்தவற்றை அட்டையில் தனித்தனியாகப் படித்தால் குழப்பம் தீராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வேறுபாடு எங்கே என்று பார்க்க வேண்டும். இந்த நோட்டுதான் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது.

அரசியலமைப்பில் என்னைப் படுத்தியவை குடியரசுத் தலைவர், ஆளுநர் பிரிவுகள். எதிரெதிராக எழுதியபோதுதான் ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது. குடியரசுத் தலைவரின் அவசரச் சட்டம் 123, ஆளுநருடையது 213. உச்ச நீதிமன்றம் 124, உயர் நீதிமன்றம் 214. மத்தியில் ஒன்று-இரண்டு, மாநிலத்தில் இரண்டு-ஒன்று. ஒரே வரியில் நான்கு எண்கள் உட்கார்ந்துவிட்டன. எல்லாப் பிரிவுக்கும் இப்படி அமையாது. 76 இந்தியத் தலைமை வழக்கறிஞர், 165 மாநிலத் தலைமை வழக்கறிஞர் என்பதில் நான் ஒரு ஒழுங்கும் காணவில்லை, அட்டையில் தேய்த்துத் தேய்த்துத்தான் பதிந்தது.

ஆண்டுகளில் 1556, 1565 இரண்டும். இரண்டாம் பானிபட் போரா, தலைக்கோட்டைப் போரா? முதல் பானிபட் 1526இல், பாபர். பேரன் அக்பரின் படை ஹெமுவோடு மோதியது சரியாக முப்பது ஆண்டு கழித்து. 26உடன் 30 சேர்த்தால் 56. அப்படியென்றால் 1565 தலைக்கோட்டை. அர்த்தத்தோடு கட்டிய முடிச்சு அவிழாது.

தமிழில் அடைமொழிகள். பாவேந்தர் பாரதிதாசன், பாவலரேறு பெருஞ்சித்திரனார். ஐம்பெருங்காப்பியங்களில் குண்டலகேசியின் ஆசிரியர் நாதகுத்தனார், வளையாபதியின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. "தெரியவில்லை" என்பதும் ஒரு விடைதான், அதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

எட்டுத்தொகை, பத்துப்பாட்டு நூல்களின் பெயர்களுக்கு நம்மிடம் பழைய வெண்பாக்களே இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். எதுகையும் மோனையும் பிடித்து இழுத்துக்கொண்டு வரும், ஒரு நூல் விட்டுப்போனால் ஓசை இடறும். எண்ணிக்கை குறையாமல் பட்டியல் சொல்வதற்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதலெழுத்துச் சேர்த்து ஷார்ட்கட் உண்டாக்காதீர்கள். யூடியூபில் ஆயிரம் கிடைக்கும். நான் ஒருகட்டத்தில் நாற்பது ஷார்ட்கட் வைத்திருந்தேன். தேர்வில் ஷார்ட்கட் நினைவுக்கு வந்தது, அது எந்தப் பட்டியலுக்கு என்பது வரவில்லை. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம்.

7. கணக்கைக் கலந்து போடுங்கள்

25 கேள்வி, முப்பத்தேழரை மதிப்பெண். தனிவட்டியில் முப்பது கணக்கு, அப்புறம் கூட்டுவட்டியில் முப்பது என்று போட்டால் கை பழகும். ஆனால் எந்த இடத்தில் எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் வராது, ஏனென்றால் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. சூத்திரம் புரிந்த பிறகு வட்டி, சதவீதம், விகிதம், வேலையும் நேரமும் எல்லாவற்றிலும் இரண்டிரண்டாகக் கலந்து தினமும் பத்துப் போடுங்கள்.

8. என் ஒரு நாள்

காலை 5.15க்கு எழுந்து அட்டைப் பெட்டி, அரை மணி. 5.45 முதல் 6.45 வரை புதுப் பாடம், மூடிவைத்து எழுதுவது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பத்துக் கணக்கு, இருபது நிமிடம். இரவு 9 முதல் 9.40 வரை சிவப்பு வரிகளும் ஜோடி நோட்டும், 10 மணிக்குத் தூக்கம். ஞாயிறு காலை ஒரு முழு வினாத்தாள்.

தூக்கத்தைக் குறைத்து நேரம் சேர்க்கப் பார்க்காதீர்கள். படித்தது மூளையில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்த வருடத்தில் எனக்கு மறுநாள் மிஞ்சியது தலைவலிதான். படிக்கும் நேரத்தில் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும், சத்தமில்லாமல் பக்கத்தில் இருந்தாலும் கவனம் அங்கேதான் போகும்.

9. கடைசி 15 நாள்

புது அட்டையை நிறுத்துங்கள். புதுப் புத்தகம் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்த நேரத்தில் "முக்கிய 1000 வினாக்கள்" என்று ஏதாவது கைக்கு வந்து சேரும், அதில் தெரியாததைப் பார்த்துப் பயந்து தெரிந்ததையும் விட்டுவிடுவோம். பெட்டியில் முதல் மூன்று அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும் அட்டைகளைத் தனியே கட்டி தினமும் பாருங்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் முழுத் தேர்வு எழுதுங்கள். உண்மையான தேர்வு காலை 9.30 முதல் 12.30 வரை என்பதால் முடிந்தவரை அதே நேரத்தில், கருப்புப் பந்துமுனைப் பேனாவில், ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருமையாக்கிப் பழகுங்கள். ஓஎம்ஆர் மாதிரித் தாள் ஜெராக்ஸ் கடையில் இரண்டு மூன்று ரூபாய். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு பேனா எல்லாவற்றையும் முந்தின நாள் மாலையே ஒரு கவரில் போட்டுவிடுங்கள். அன்றிரவு அட்டை வேண்டாம், ஜோடி நோட்டை மட்டும் ஒரு முறை புரட்டிவிட்டுப் படுங்கள்.

அறையில் ஒரு கேள்வி நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வினாத்தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றாவது முறை எழுதியபோது எனக்கு அப்படி ஒன்பது புள்ளி இருந்தது. மீதியை முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஆறு தானாக வந்தன, ஒன்றுக்கு வேறொரு கேள்வியிலேயே குறிப்பு இருந்தது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் மிஞ்சிய இரண்டுக்கும், பொருந்தாத விடைகளைக் கழித்துவிட்டு, இருப்பதில் ஒன்றைக் கருமையாக்கிவிட்டு எழுந்தேன்.